எதிர்வீட்டுக்குப் போன செங்கல்

அருணா அப்பாவுக்கு,

போன வெள்ளிக்கிழமை எதிர்வீட்டில் அஸ்திவாரம் தோண்டியபோது இருந்தவர்கள்: நான், கொத்தனார் சேவுகன், எதிர்வீட்டு ராசாத்தி, அவள் மருமகள் இளமதி. பிள்ளையாருக்குச் சூடம் காட்டித்தான் ஆரம்பித்தோம். போனில் சொன்னால் பாதியிலேயே சத்தம் போடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இளமதி எட்டு மாதக் கர்ப்பிணி. வீட்டில் கக்கூஸ் இல்லை. விடியும் முன்பே முந்திரிக்காட்டுக்கு நடப்பாள். விடிகாலையில் நான் சாமிக்கு விளக்கேற்றும் நேரத்தில்தான் நம் வாசலைக் கடந்து போவாள். காம்பவுண்டுச் சுவருக்கு நாம் அடுக்கியிருந்த செங்கல்லைப் பார்க்கப் பார்க்க, கும்பிட்ட கை கூசியது.

“அண்ணன் வந்து சொவரு எங்கேன்னு கேட்டா என்னக்கா சொல்றது?” என்றார் சேவுகன்.

“அங்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லுங்க” என்றேன்.

ராசாத்தி சும்மா இருப்பாளா? “சொவரு இல்லாட்டி நல்லதுதான் மதினி. ஒங்க மீன்கொழம்பு வாசம் நேரா எங்க வீட்டுக்கு வந்துரும்!”

கக்கூஸுக்குக் கூரையும் போட்டாயிற்று. ஒரு செங்கல்கூட வீணாகவில்லை, எழுதி வைத்திருக்கிறேன். நம் வீட்டில் திருடன் எடுக்க என்னதான் இருக்கிறது, சொல்லுங்கள்?

கதவுதான் பாக்கி. சுவரே இல்லாதபோது நமக்கு இரும்பு கேட் எதற்கு? அதற்கு நீங்கள் அனுப்பிய பணத்தில் ஒரு தகரக் கதவு வாங்கட்டுமா? அதுவரை இளமதி காட்டுக்குத்தான் போக வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

சுவரில்லாத வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி