பச்சைத் தண்ணீர்

30.05.1955
மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைக்காம்பராவில் இன்று முப்பத்தொரு பிள்ளைகள். தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது ஆயாவான என்னிடம் விட்டுப் போகிறார்கள். நான்கு பேருக்குப் பேதி. போன வருசமும் மழை தொடங்கிய வாரத்தில்தான் வந்தது. அதற்கு முந்தின வருசமும்.

தோட்டத்து மருந்துக்காரர் சிவபாதம் ஐயா வந்து பார்த்தார். “உங்கட சனம் கை கழுவாதுகள், அதுதான் இந்த வயித்து வருத்தம்.” வருசா வருசம் இதே பேச்சு.

02.06
ஒன்பது பேர்.

04.06
காளியாயியின் மகள் பூரணி செத்துப்போனாள். ஒன்றரை வயது.

அவர்கள் குடியிருக்கும் வீட்டு வரிசை, தேயிலை அரைக்கிற ஸ்டோர் பக்கத்து லயம். அங்கே ஸ்டோர் தொட்டியின் குழாய்த் தண்ணீர். அந்த லயத்தில் வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. பகலெல்லாம் பூரணி என்னிடம்தானே இருந்தாள்?

06.06
இன்று என் கையையே பார்த்துக்கொண்டு வேலை செய்தேன். பால்மாவைக் கொதிக்கிற தண்ணீரில்தான் கரைக்கிறேன். ஏழு வருசமாக அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. ஆனால் சூடென்று பிள்ளைகள் கத்துவார்கள். உடனே வாளியிலிருந்து ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் விட்டு விளாவிக் கொடுக்கிறேன். ஓடைத் தண்ணீர் வந்து விழும் பீலியில் பிடித்தது.

ஐயோ, நான்தானா? நானேதான்.

07.06
பீலிக்குத் தண்ணீர் வரும் ஓடையோடு மேலே ஏறிப் போனேன். மேட்டு லயத்துக் கக்கூஸ் குழி நிரம்பி, மழையோடு ஓடையில் இறங்குகிறது. குழியை இறைக்கச் சொல்லி எத்தனை தடவை கேட்டோம்! நல்ல ஊற்று தோட்டத்துத் துரை பங்களாவுக்கும் ஸ்டோருக்கும் போகிறது. தேயிலைக்கு வயிற்றுவலி வரக்கூடாதில்லையா.

09.06
சிவபாதம் ஐயாவிடம் வாளித் தண்ணீர், குழி இரண்டையும் சொன்னேன். சாயங்காலம் ஒரு தாளை நீட்டினார். “இதிலை கையெழுத்து வை பிள்ளை. வேலை போகாமல் நான் பாக்கிறன்.”

படித்தேன். ஆயாவின் கவனயீனம் என்றிருந்தது. பொய்யில்லை. குழியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“குழியையும் எழுதுங்கய்யா, போடுறேன்.”

“அது துரையின்ர அலுவல்.”

“அப்ப இதையும் துரையே போட்டுக்கட்டுங்க.”

தாளைத் திருப்பி நீட்டினேன். போடவில்லை.

10.06
காளியாயியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பால், செம்பு, வாளி, எல்லாம். “நாளைக்கு மத்தப் புள்ளைகள எங்க வச்சுப் பாப்ப?” என்று மட்டும் கேட்டாள்.

11.06
காம்பராவைப் பூட்டிவிட்டேன். இன்று வந்த இருபது பிள்ளைகளையும் ஸ்டோர் வாசலுக்கே கூட்டிப்போய், குழாயடியில் அடுப்பு மூட்டினேன். பெரிய கிளாக்கர் ஓடி வந்தார்.

“யாரைக் கேட்டு இங்க வந்த?”

“தண்ணி இங்கதானுங்களே இருக்கு!”

துரை வந்து எங்களை விரட்டச் சொன்னார். அதற்குள் கொழுந்து நிறுக்க வந்த தாய்மார் கூடையை இறக்காமல் சுற்றி நின்றுவிட்டார்கள். முன்னால் காளியாயி. அவளுக்கு அங்கே பிள்ளையே இல்லை.

20.06
தாய்மார் அன்று நகராததால், ஸ்டோர் குழாயைக் காம்பரா வரைக்கும் இழுக்கிறார்கள். என்னை ஆயா வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது. நாளையிலிருந்து கொழுந்து. போகட்டும்!

12.06.1956
இரண்டு வாரமாக மழை. காம்பராவில் ஒரு பிள்ளைக்கும் பேதி இல்லை. மேட்டு லயத்துக் குழி இன்னும் வழிகிறது, கீழ் லயத்தில் மூன்று பெரியவர்கள் படுத்துவிட்டார்கள். இந்த முறை தோட்டத்தில் யாரிடமும் கேட்கப்போவதில்லை. நுவரெலியாவிலிருக்கும் பெரிய சுகாதார அதிகாரிக்கு மனு எழுதிவிட்டேன். என் தப்பையும் அதில் மறைக்கவில்லை.

கைநாட்டு வைக்க முதலில் வந்தது காளியாயி. இந்த ஒரு வருசத்தில் அவள் என்னை மன்னித்ததாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ரேகை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“எம் மக பேரையும் எழுது.”

எழுதினேன். பூரணியின் பெயருக்கு நேராகவும் தன் விரலை மையில் தோய்த்து அழுத்தினாள்.