பூவுக்கு நடுவில் சிவப்பு

பேரனின் தாத்தாவுக்கு,

நான் சுகம். உங்கள் முட்டி வலி குறைந்ததா? மருமகள் வேளைக்குச் சோறு போடுகிறாளா?

இந்தத் தோடு பட்டறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாவு மாதிரி பிசைகிற பிளாஸ்டிக் களிமண்தான். கலர் கலராகத் திரி உருட்டி, கட்டாகச் சேர்த்து, மெல்லிசாகச் சீவி, களிமண் தகட்டின்மேல் பூப்பூவாகப் பதித்து, உருளையில் விட்டெடுத்து, தோடு அளவுக்கு அச்சால் வெட்டி, கரண்ட் அடுப்பில் சுட வேண்டும். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் இப்போது டிசைன் போடுகிறேன், தெரியுமா!

போன வாரம் முதலாளியம்மா புது டிசைன் கேட்டார். நம் மகளுக்கு நீங்கள் தைத்த பாவாடைதான் நினைவுக்கு வந்தது. நீலத்தில் மஞ்சள் பூ. அப்படியே தகடு போட்டேன்.

"பாட்டி, அசத்திட்டீங்க! எந்தப் புத்தகத்துல பார்த்தீங்க?" என்றார்.

"எல்லாம் எங்க வீட்டுப் புத்தகந்தாம்மா" என்று சிரித்து வைத்தேன்.

வட்டம் வட்டமாக வெட்டச் சொல்லி அச்சை நீட்டினார். கை வரவில்லை. கண்ணில் தூசி என்று வெளியே போய் நின்றுகொண்டேன். பக்கத்து மேசைக்காரி வெட்டிவிட்டாள். இனி யார் யார் காதிலோ நம் மகளின் பாவாடை ஆடும்.

இரண்டு ரவிக்கை தைத்து அனுப்புங்கள். இங்கே வாங்கியது அக்குளில் பிடிக்கிறது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தப் பூவுக்கு நடுவில் இருந்தது சிவப்பா, ஆரஞ்சா? ஏழு வயதில் அவளை மண்ணுக்குத் தூக்கிக் கொடுத்த அன்று அந்தப் பாவாடையைத்தான் உடுத்தி அனுப்பினோம். எடுத்துப் பார்க்க வழியில்லை. நான் சிவப்பு வைத்துவிட்டேன். தைத்த உங்களுக்குத்தான் தெரியும். ஆரஞ்சாக இருந்தாலும், சிவப்பு என்றே எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி