கம்மாபுரத்திலும் இடமில்லை

12.11.2006, ஞாயிறு

லாரியில் அடிபட்டு, செராமிக் கம்பெனி வாசலில் கிடந்த பெட்டை நாயைக் காலில் போட்ட கட்டோடு இன்று ஆட்டோவில் கம்மாபுரம் கொண்டுபோனேன். என்னோடு பொம்மைக்கு வண்ணம் பூசும் செல்விதான், "எங்க வூட்டுல வச்சிக்கிறேங்க்கா" என்றிருந்தாள்.

அவள் கணவர் வாசலிலேயே மறித்தார். "சுரங்கத்துக்கு எங்க வூட்டையே எடுக்கப் போறாங்களாம். நாங்களே எங்க போவோம்னு தெரியல. இத எங்கங்க வச்சிக்கிறது?"

செல்வி என் முகத்தைப் பார்க்காமல் சோறு வைத்தாள். தின்றுவிட்டு நாய் அவர்கள் படியிலேயே படுத்துக்கொண்டது. இடம் கிடைத்துவிட்டதென்று நினைத்ததோ என்னவோ. தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா காலைக்குள் நாய் போயாக வேண்டும் என்றுவிட்டார். கேட்க இனி யாருமில்லை. விடிந்தால் தெருவில்தான் விட வேண்டும். கதவைத் திறந்தாலும் அது தானாகப் போகாது. நான்தான் துரத்த வேண்டியிருக்கும்.