இருபத்து மூன்று பச்சைக் குல்லாய்கள்

அன்புள்ள ஆட்ரிக்கு,

இங்கே அப்பா, வெஸ்லி, ஜூனி, நான் நால்வரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், அலாஸ்காவின் அந்தக் கடற்காற்றில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. வேலை அதிகம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் உண்மை அதுவல்ல, ஒரு விஷயத்தை எழுதாமல் மற்றதை எழுத வரவில்லை, நான்கு முறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். அப்பாவுக்கு மின்கம்பி வேலை ஓயவில்லை, போன மாதப் புயலில் நம் மலைப்பக்கம் முழுக்கக் கம்பம் சாய்ந்துவிட்டது. வெஸ்லிக்குக் குரல் உடைந்துவிட்டது, பாட்டுப் பயிற்சிக்கு வர மாட்டேன் என்கிறான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் நம் வீட்டுக்கல்விக் குழுவில் இப்போது பதினோரு குடும்பங்கள். செவ்வாய்க்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளம், வியாழக்கிழமை நூலகத்தின் பின்னறை, எதுவும் மாறவில்லை. நூலகத்து மிஸஸ் ப்ரூயிட் புத்தகத்தோடு தொலைநோக்கியும் இரவல் தருகிறார், அருங்காட்சியக அனுமதிச் சீட்டும் தருகிறார், நீ இருந்த காலத்தில் இதெல்லாம் எங்கே இருந்தது. வெள்ளிக்கிழமைச் சுற்றுலாவுக்கு எல்லா இடத்துக்கும் போன் செய்து நாள் குறிப்பது இன்னும் நான்தான். பால்பண்ணை, தீயணைப்பு நிலையம், குடிநீர் சுத்திகரிக்கும் இடம், எங்கே கேட்டாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அக்டோபரில் குகைக்குப் போனோம், உனக்குப் பத்து வயதில் போனாயே, அதேதான். அன்று மழை. சுற்றுலா என்றால் நம் குழுவின் பச்சைக் கம்பளிக் குல்லாயைப் பிள்ளைகள் எல்லாரும் போட்டுக்கொள்வது உனக்குத் தெரியும், கூட்டத்தில் கண்ணுக்குத் தப்பாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடே. அன்று பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை, அதனால் நம் குழுவின் லோரீன் தன் பக்கத்து வீட்டுச் சிறுமி கெல்சியையும் கூட்டிவந்தாள். அவள் அம்மாவுக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசனையாம், ஒருநாள் நம்மோடு வந்து பார்க்கட்டும் என்று அனுப்பியிருக்கிறாள். நம் கூட்டம் பெருகுகிறதே என்று எனக்குச் சந்தோஷம். பையில் கூடுதலாக இருந்த குல்லாயை எடுத்து நானே அவள் தலையில் மாட்டினேன். பட்டியலில் பெயர் எழுதவில்லை. பட்டியலில் இருந்தது இருபத்து மூன்று.

திரும்பும்போது வாகனம் நிறுத்தும் இடத்தில் கொட்டுகிற மழையில் பிள்ளைகள் தலையைக் குனிந்தபடி நின்றார்கள். நான் வழக்கம்போல ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன், இருபத்து மூன்று வந்தது, கிளம்பலாம் என்று கை காட்டினேன். காலையிலேயே ஜூனி திரும்பும்போது லோரீன் வண்டியில்தான் வருவேன் என்று அடம்பிடித்திருந்தாள், அங்கே ஏறியிருப்பாள் என்று நான் நினைத்தேன், அம்மாவிடமே போய்விட்டாள் போல என்று லோரீன் நினைத்திருக்கிறாள். பன்னிரண்டு மைல் தாண்டி பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, பிள்ளைகளுக்குச் சூடாகக் கோக்கோ வாங்கிக்கொடுத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குகையின் சீட்டுக் கொடுக்கும் பெண். "உங்க பொண்ணு இங்க எங்ககிட்ட இருக்காம்மா" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா ஆட்ரி? "இல்லையே, எல்லாரும் இங்கதான் இருக்காங்க, நான் எண்ணிட்டேன்" என்றேன். அவள் ஜூனியின் பெயரைச் சொல்லும்வரை அவளோடு வாதாடினேன்.

குகைக்குள் குட்டையில் ஒரு வெள்ளைப் பல்லி மாதிரி ஏதோ நீந்தியதாம், அதைப் பார்க்க ஜூனி தடுப்புக் கம்பிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். கூட்டம் நகர்ந்ததும் அந்தப் பகுதி விளக்கு தானாக அணைந்துவிட்டது. நாற்பது நிமிடம் இருட்டில். வழிகாட்டிப் பெண் கடைசியாக ஒரு முறை சுற்றிவரும்போது கண்டுபிடித்திருக்கிறாள். ஜூனி அழவில்லை, கத்தவும் இல்லை. தொலைந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நில், அம்மா எண்ணிப் பார்ப்பேன், வந்துவிடுவேன் என்று உங்கள் மூவருக்கும் சொல்லி வளர்த்தேன் அல்லவா, அவள் அப்படியே இருந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது என் கழுத்தில் முகத்தை வைத்து, "நீ எண்ணுவேன்னு தெரியும்மா" என்றாள். அவள் நினைத்துக்கொண்டதை அப்படியே விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து என் கை என்னுடையதாக இல்லை. ஈரக் கம்பளியின் தொடுதல் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது. ஏழு வருடம் நான் குளிப்பாட்டிச் சீவிய தலை அது, வேறொரு தலையைத் தொட்டு இதுதான் என்று என் கை சொல்லியிருக்கிறது. இப்போது எதைக் கண்டாலும் எண்ணுகிறேன், கடையில் ஆப்பிளை, நூலகத்தில் கதை கேட்கும் பிள்ளைகளை, வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்களை. குறைந்தால்கூடப் பரவாயில்லை, எப்போதும் ஒன்று கூடுதலாகவே வருகிறது. மேஜையில் நான்கு பேர், நான் எண்ணினால் ஐந்து. திரும்ப எண்ணுகிறேன், ஐந்துதான். அப்பா ஒருநாள், மாடு எண்ணுற மாதிரி எங்களை எண்ணாத மார்லா, வேலி தாண்டி எங்கயும் ஓடிற மாட்டோம் என்று கேலி செய்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, பள்ளிக்கூடமா இருந்தா பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, தலையைத் தடவிப் பார்க்க மாட்டாங்க என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு நூலகத்தில் ஜூனி மிஸஸ் ப்ரூயிட்டிடம், எங்கம்மா எண்ணிப் பார்த்து ஒண்ணு குறையுதுன்னு கண்டுபிடிச்சுப் பாதி வழியில திரும்பி வந்தாங்க தெரியுமா என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வண்டியில் ஏறியதும் சாவியைப் போடாமல் அவளிடம் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியவே இல்லை ஜூனி, எண்ணிக்கை சரியாக இருந்தது, கெல்சியைத் தொட்டு உன்னைத்தான் தொட்டதாக நினைத்துக்கொண்டேன், அந்தப் பெண் போன் செய்யாவிட்டால் வீட்டுக்கே போயிருப்பேன் என்று. அவள் வண்டிக் கண்ணாடியில் வழிகிற மழைத் தண்ணீரை விரலால் தொடர்ந்தாள். "அப்போ நான் கத்தியிருக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் கண்ணு, கத்தியிருக்கணும் என்றேன். அதை அவளிடம் சொல்ல வேண்டிவந்ததே என்பதுதான் என்னைத் தின்கிறது. கல்லூரியில் படித்தேன், குழந்தை மனம் பற்றி எத்தனையோ புத்தகம் வாசித்தேன், அந்த வாக்கியத்துக்குப் பிறகு என்ன சொல்வது என்று எதிலும் படித்த ஞாபகம் இல்லை.

இனி வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை மீன் பண்ணைக்குப் போனபோது அவளே குல்லாயை மாட்டிக்கொண்டு முதலில் வந்து நின்றாள். இப்போதெல்லாம் நான் தலை எண்ணுவதில்லை, பட்டியலைப் பார்த்துப் பெயர் படிக்கிறேன். பெரிய பையன்கள், இருக்கேன், என்னை மீன் முழுங்கிடுச்சு என்று ஏதாவது சொல்லிச் சிரிக்கிறார்கள். கெல்சியும் வந்திருந்தாள், பெயர் எழுதியிருந்தேன், பாவம், மெல்லிய குரலில் இருக்கேன் என்றாள். ஜூனி பெயரைப் படித்தேன். பதில் இல்லை. மூன்று எட்டுத் தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மறுபடி படித்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. லோரீன் பொறுமையிழந்து, அதான் கண்ணு முன்னாடியே நிக்கிறாளே மார்லா, அடுத்த பேரைப் படி என்றாள். நான் பட்டியலை மடித்து வைத்துவிட்டுப் போய், அவள் குல்லாயை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு, முகத்தைப் பார்த்து, ஜூனி என்றேன். இருக்கேன் என்றாள். சிரிக்கவில்லை, போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். திரும்பும்போதும் அப்படியேதான், மழையில் மற்ற இருபத்து மூன்று பிள்ளைகளும் காத்து நிற்க. எத்தனை வெள்ளிக்கிழமை இப்படி என்று தெரியவில்லை. அவள் போதும் என்று சொல்கிறவரை கிட்டே போய் முகம் பார்த்துக் கூப்பிடுவேன்.

நீ பத்திரமாக இரு மகளே, அந்தத் தூரத்திலும் உன் முகம் பார்த்துப் பேச நல்ல மனிதர்கள் உனக்கு அமையட்டும், செய்கிற வேலையில் கடவுள் துணை இருக்கட்டும். குளிர்காலக் காய்ச்சலுக்கு ஊசி போட்டாயா என்று எழுது. இன்னொன்றையும் மறக்காதே. நீ போன் செய்யும்போது எல்லாரும் எப்படி இருக்கீங்க என்று கேட்பாய், நானும் எல்லாரும் நல்லா இருக்கோம் என்பேன். இனி நான் அப்படிச் சொன்னால் நம்பாதே. ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொல்லி, ஒவ்வொரு குரலையும் நீயே கேட்டுக்கொள்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
மார்லா