வால் கீழே இருந்தால் ஆறு

காக்ஸ் டவுன்,
பெங்களூர் 5.
14 அக்டோபர் 2002.

அன்பு மகள் நோராவுக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம், அப்பா சுகம், அப்பாவின் காரும் சுகம். அங்கே நீயும் உன் அறையில் இருக்கும் அந்தக் கோட்டயத்துப் பிள்ளையும் அயர்லாந்துக் குளிரில் இருமாமல் இருக்கிறீர்களா? முதலில் ஒரு விஷயம், அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். பணம் அனுப்பாதே. ஒரு பைசா அனுப்பாதே. கிறிஸ்துமஸுக்கு வருவதற்கு டிக்கெட்டுக்கென்று சேர்த்து வைத்ததைக் கார் வரிக்கு அனுப்பிவிடுகிறேன் என்று போன வாரம் போனில் சொன்னாயே, அது அப்படியே உன் கணக்கில் இருக்கட்டும். பாங்கில் எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றால் நாளைக் காலையில் முதல் வேலையாகப் போய் நிறுத்து. வரி கட்டியாகிவிட்டது, ரசீது என் பீரோவில் இருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது. எப்படிக் கட்டினோம் என்பதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் கார்டு தீருதும்மா என்று நீ பாதியில் வைத்துவிடுவாய், நானோ இதை ஒரு வரி விடாமல் சொல்லியே ஆக வேண்டும். அதனால் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து, வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு, டீயும் கையுமாக உட்கார்ந்து நிதானமாகப் படி.

உனக்குத் தெரிந்தது பாதிதான், அதுவும் அப்பா சொன்ன பாதி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆன கையோடு, பி.எஃப். பணத்தில் பாதியைக் கொண்டுபோய்ச் சிக்மகளூர்க் காப்பித் தோட்டத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு அந்த ஃபோக்ஸ்வாகனை ஓட்டிக்கொண்டு வந்தாரே, அன்றிலிருந்து மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. தோட்டத்துக்காரர் 1966-இல் கப்பலில் வரவழைத்த வண்டி, ஜெர்மன்காரன் செய்தது, எஞ்சின் பின்னால் இருக்கிறது என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பின் மூடியைத் திறந்து காட்டுவார். எஞ்சின் பின்னால் இருந்தால் என்ன, சக்களத்தி வாசலில் நிற்கிறாளே என்பது என் கவலை. காலையில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுமுன் அதைத் துணியால் துடைப்பார். போன வருஷம் பெயிண்ட்டும் அடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்தார். இப்படித் தேய்த்துத் தேய்த்துப் புதுசாக்கியதே வினையாகப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? போன மாதம் ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது. இதுவரை வருஷா வருஷம் கட்டிவந்த வரி இனிமேல் கிடையாது, ஆயுள் வரி என்று ஒரே தடவையாகக் கட்டிவிட வேண்டும் என்றார்கள். வழக்கமாக எந்த ஆபீஸுக்கும் தானே போய் நிற்கிற மனுஷன், அன்றைக்கு இடுப்பு வலி, அதனால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எதிரே குடை கட்டி உட்கார்ந்திருக்கும் முனிராஜ் என்கிற ஏஜெண்ட்டிடம் கொடுத்தார். அவன் பழைய ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து ஃபாரத்தை நிரப்பினான். உன் அப்பா சட்டைப் பையில் இருந்த கண்ணாடியை எடுக்காமலே கையெழுத்துப் போட்டார். ஏன் தெரியுமா? முனிராஜ் அவரை இன்ஜினியர் சார் என்று கூப்பிட்டானாம். முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்த மனுஷனை அந்த ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டால், சொத்தையே எழுதிக் கொடுத்துவிட்டு டீயும் வாங்கிக் கொடுப்பார்.

பத்தாம் நாள் நோட்டீஸ் வந்தது. 1996-ஆம் வருஷத்துத் தயாரிப்பு, வெளிநாட்டு வண்டி, அதன் விலையும் சுங்கமும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஆயுள் வரி ஒரு லட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம், முப்பது நாளில் கட்டாவிட்டால் வண்டி பறிமுதல், சுங்கம் கட்டிய ரசீதும் காட்ட வேண்டும். அப்பா இடுப்பு வலியையும் மறந்து காரிலேயே ஓடினார். இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, இவ்வளவு பளபளன்னு இருக்கு, இதையா முப்பத்தாறு வருஷத்து வண்டின்னு சொல்றீங்க என்று கேட்டாராம். இந்த மாடலை மெக்சிகோவில் இப்பவும் செய்கிறார்கள் என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தாராம். நம்பர் பலகையைப் பாருங்கள், பழைய மைசூர் ஸ்டேட் நம்பர் என்று அப்பா கெஞ்சியதற்கு, பலகையை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், புது வண்டியில் பழைய நம்பர் என்றால் அதுதான் இன்னும் வில்லங்கம் என்று பதில். எல்லாவற்றுக்கும் மேலே, 1996 என்று எழுதிய ஃபாரத்தில் உங்கள் கையெழுத்துத்தானே இருக்கிறது என்று கேட்டுவிட்டார்கள். மனுஷன் வீட்டுக்கு வந்து காரைவிட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். விற்றுத் தொலையுங்கள் என்று நான் நாலு வார்த்தை கூடவே சொன்னேன், மறைக்க மாட்டேன். இந்த வில்லங்கத்தோடு யார் வாங்குவான் அன்னம்மா என்றார். இரண்டு நாள் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனார்.

அப்புறம்தான் நீ போன் செய்தாய். நான் அடுப்படியில் இருந்தேன், உன் குரல் எனக்குக் கேட்கவில்லை, அப்பா சொன்னது மட்டும் கேட்டது. வேண்டாம் பாப்பா, வேண்டாம் பாப்பா என்று இரண்டு தடவை சொன்னவர் மூன்றாம் தடவை சின்னக் குரலில், சரிம்மா, அப்ப அடுத்த வருஷம் வா என்றார். நோரா, அந்தச் சரிம்மாவைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். மூன்று கிறிஸ்துமஸ் ஆயிற்று நீ இல்லாமல். மூன்று வருஷமும் குடில் வைக்கிறபோது உன் பங்கு ஆட்டுக்குட்டிகளை நான்தான் எடுத்து வைத்தேன். பூசைக்குப் போய் வந்து இரண்டு பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு கேக் தின்றோம். நாலாவது வருஷமும் ஒரு காருக்காக என் பிள்ளை வராமல் இருப்பதா? எங்கே அந்த ஆர்.சி. புத்தகம், கொண்டாங்க இங்கே என்றேன். ஐந்து வருஷமாக வீட்டில் இருக்கிற புத்தகம், வீம்புக்காக நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. அது என் தப்புத்தான்.

திறந்தேன், திறந்த மாத்திரத்தில் சிரித்துவிட்டேன். அப்பா எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார். 1966-இல் சிக்மகளூர் ஆபீஸில் யாரோ ஒரு கன்னட அபிமானி குமாஸ்தா, எண்களையெல்லாம் கன்னடத்திலேயே முத்து முத்தாக எழுதி வைத்திருக்கிறார். ೧೯೬೬. உனக்குத் தெரியும், கன்னடத்தில் ஆறும் ஒன்பதும் கூடப் பிறந்தவை மாதிரி இருக்கும், வாலில்தான் வித்தியாசம். அந்த மூன்றாவது எண்ணின் தலைக்கு மேலே ஆபீஸ் முத்திரையின் வட்டம் வந்து உட்கார்ந்து, வாலை மேலே தூக்கிவிட்டாற்போல் காட்டுகிறது. முனிராஜ் அதை ஒன்பதாக்கிவிட்டான். உன் அப்பாவுக்குக் கன்னடம் பேசத்தான் வரும், எழுத்து அவருக்குக் கோலம். நான் யார்? ஸ்ரீராம்புரம் கார்ப்பரேஷன் ஸ்கூலில் இருபத்தொன்பது வருஷம் இரண்டாம் வகுப்புக்குக் கன்னடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். பால கெளகெ இத்தரெ ஆரு, மேலெ இத்தரெ ஒம்பத்து, வால் கீழே இருந்தால் ஆறு மேலே இருந்தால் ஒன்பது என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளைக் கத்த வைத்திருப்பேன். என்னிடமா இந்த வேலை?

போன வியாழக்கிழமை நீலப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆபீஸுக்குப் பட்டா என்று அப்பா கேட்டார், நான் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவரோடு காரில் ஏறினேன். கோவிந்தப்பா என்பவர்தான் சூப்பிரண்டு, கெட்டவர் இல்லை, பேப்பரை நம்புகிறவர். முதலில் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை, உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டாயிற்று அம்மா, நான் என்ன செய்ய என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார். நான் புத்தகத்தை அந்த ஃபைலின் மேலேயே விரித்து வைத்து, மூன்றாவது எண் என்ன என்று மட்டும் சொல்லுங்கள், நான் போய்விடுகிறேன் என்றேன். பார்த்தார், ஒன்பது என்றார். பக்கத்து மேஜை மமதா என்கிற பெண்ணைக் கூப்பிட்டேன், அவள் ஆறு என்றாள். பிறகு ஒரு பியூன் ஒன்பது, கவுண்டரில் வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து ஆறு. வரிசையே கலைந்து மேஜையைச் சுற்றி நின்றுகொண்டது, ஆபீஸ் முழுக்க ஆறா ஒன்பதா என்று ஒரே சத்தம். நான் கையைத் தட்டினேன், வகுப்பில் தட்டுவேனே அதே மாதிரி. அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள், கோவிந்தப்பா உட்பட.

மூன்றாவது எண் இருக்கட்டும், இரண்டாவது எண்ணைப் பாருங்கள் என்றேன். அது ஒன்பது, அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, ஆயிரத்து அறுநூறில் யாரும் கார் செய்யவில்லை. அந்த ஒன்பது கோட்டின் மேலே நிற்கிறது, கோட்டைத் தாண்டி ஒரு நூல்கூடக் கீழே இறங்கவில்லை. இப்போது மூன்றாவதையும் நாலாவதையும் பாருங்கள், இரண்டுக்கும் வால் கோட்டுக்குக் கீழே தொங்குகிறது. முத்திரை மேலே ஒரு கோட்டைச் சேர்க்கும் சார், கீழே தொங்குகிற வாலை யார் போட்டது? இதை மட்டும் கன்னடத்தில் மெதுவாக, கடைசி பெஞ்சுக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன். கோவிந்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு மமதாவைப் பார்த்து, நாற்காலி கொண்டு வா, மிஸ்ஸுக்கு நாற்காலி போடு என்றார். நோரா, ரிட்டயர் ஆகி நாலு வருஷம் கழித்து அந்த வார்த்தையை ஒரு சூப்பிரண்டு வாயால் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். முனிராஜை வெளியிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். அவன் வந்து பார்த்து, தலையைச் சொறிந்து, நானும் ஆறுன்னுதான் நினைச்சேன் மேடம், வண்டியோட பளபளப்பைப் பாத்துட்டு ஒம்பதுன்னு போட்டுட்டேன் என்றான். அப்பாவுக்கு அவனை அடிக்கவும் முடியவில்லை, பெருமைப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

பழைய ஃபாரத்தை ரத்து செய்து புதுசாக ஒன்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அப்பா பேனாவை எடுத்தார், ஃபாரத்தைப் பார்த்தார், பிறகு இரண்டையும் என் பக்கம் தள்ளி, நீயே எழுதி ஒரு தடவை படிச்சுக் காட்டு அன்னம்மா, அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன் என்றார். முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் இந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. கொஞ்சம் சத்தமாகவே படித்துக் காட்டினேன். இவ்வளவு பழைய வண்டிக்கு வரி என்று கடைசியில் கேட்டது ஐயாயிரத்துச் சொச்சம், அதை என் பென்ஷனிலிருந்து நானே கட்டினேன், ஒரு சக்கரமாவது என் பேருக்கு ஆயிற்று. திரும்பி வருகிற வழியெல்லாம் அப்பா ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தார். வண்டியைப் பழைய இரும்புக்குக் குஜரிக் கடையில் போடச் சொன்ன மேல் வீட்டுக்காரர் வாசலில் மட்டும் நாலு தடவை. அப்படியே ஃப்ரேசர் டவுனுக்கு விட்டு மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தார், அவரும் இரண்டு பிளேட் சாப்பிட்டார். இப்போது தெருவில் அவர் சொல்கிற கதையில் நாங்கள் கண்டுபிடித்தோம், நாங்கள் கேட்டோம் என்று எல்லாமே நாங்கள்தான். இருக்கட்டும், பாவம், விட்டுவிட்டேன்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. அப்பாவுக்கு இடுப்புக்குத் தைலம் தேய்க்கிறேன். பங்குச் சாமியார் உன்னைக் கேட்டார், கூடவே துபாயில் வேலை பார்க்கிற ஒரு பையனைப் பற்றியும் சொன்னார். பயப்படாதே, நான் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நைட் டியூட்டி முடித்துவிட்டு வெறும் வயிற்றோடு தூங்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே, எந்தப் பேப்பரானாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

அன்னம்மாள் காரைக் காப்பாற்றிவிட்டாள் என்று தெருவெல்லாம் பேசுகிறார்கள், நானும் தலையை ஆட்டிக்கொள்கிறேன். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் ஒரு வாரம் அப்பாவோடு சேர்ந்து அழுதிருப்பேன், அவ்வளவுதான். அந்த மேஜைக்கு முன்னால் நான் நின்று சண்டை போட்டது காருக்காக இல்லை, உன் டிக்கெட்டுக்காக. ஜெயித்துவிட்டேன். இனி நீ வரவேண்டியதுதான் பாக்கி.

டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது, மறக்காதே, போனிலும் சொல். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், மாதா துணையிருப்பாள். உன் நெற்றியில் சிலுவை போட்டு முடிக்கிறேன்.

உன் அறையைக் கழுவி, மெத்தையை வெயிலில் போட்டிருக்கும்
அம்மா
சி. அன்னம்மாள்