ஜமீன் பங்களாவின் காகிதப்பூ வேலி

ஆனைக்குட்டம்
பங்குனிக் கடைசி, சனிக்கிழமை

அன்பு மருமகள் அழகுமீனாவுக்கு உன் தாய்மாமன் சோலைமலை எழுதுவது.

நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதலில் ஒரு சத்தியம். நம் காளியம்மன் அறிய, யாருமே நம்பாத கதை ஒன்றை இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன். ஊரில் எனக்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். மணி பத்து என்று நான் சொன்னால் ஊரே ஓடிப்போய்க் கடிகாரத்தைப் பார்க்கும். அதனால் நீ நம்ப வேண்டாம். கடைசி வரை படித்தால் போதும்.

ஓசூரில் செல்போன் கம்பெனி வேலைக்கு நீ போன அதே சித்திரையில்தான் நான் ஜமீன் பங்களாவின் தோட்டக்காரனாக அரியணை ஏறினேன். நூற்றைம்பது வருஷக் கட்டடம், ஆயிரத்தெட்டுக் கதவு. விடிந்ததும் திறக்கத் தொடங்கினால், கடைசிக் கதவைத் திறக்கும்போது முதல் கதவைச் சாத்தும் நேரம் வந்துவிடும். பட்டாசுக் கம்பெனி முதலாளி ராஜபாண்டியன் அதை வாங்கி, கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்கும் இடமாக மாற்றினார். என்னைக் கூப்பிட்டு, "ஏலே சோலைமலை, இந்தக் கரிசக்காட்ட ஊட்டியாக்கணும்லே" என்றார். "ஊட்டி என்ன மொதலாளி, காஷ்மீராவே ஆக்கிப்புடுறேன். நீங்க கம்பளி மட்டும் வாங்கி வச்சுக்கிடுங்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் மயங்கியவன்தான் நான்.

லாரியில் பாய் பாயாகச் சுருட்டிய புல் வந்து இறங்கியது. விரித்துப் போட்டேன். அதற்கு நாளுக்கு இரண்டு லோடு தண்ணீர். பத்து நாளைக்கு ஒரு தடவை வரும் குழாய்த் தண்ணீருக்கு உன் அம்மா நம் தெருவில் குடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க, இங்கே புல் வாய் கொப்பளித்துக் குளித்துக்கொண்டிருந்தது. ஆடிக் காற்று வேப்பமரத்தோடு என்னையும் தூக்கி அணைக்கு அந்தப் பக்கம் போட்டதும், ஐப்பசி மழையில் இடுப்பளவு வளர்ந்த புல்லுக்குள் ஒரு போட்டோக்காரர் இரண்டு நாள் வழி தெரியாமல் அலைந்ததும் தனிக் கதைகள்.

என் ராஜ்ஜியத்தின் மகுடம் காகிதப்பூ வேலி. பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் பழைய குதிரை லாயம் ரோட்டிலிருந்தும் தெரியக் கூடாது, அணைக்கரையிலிருந்தும் தெரியக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. விருந்தாளிகளின் கண்ணுக்கு அசிங்கமாம். லாயத்தை ஒட்டி மூன்று பக்கமும் நட்டேன். காகிதப்பூ வெயிலுக்கு அஞ்சாது, கொப்புக்குக் கொப்பு முள். கார்த்திகைக்குள் கூரை மேல் ஏறிவிட்டது. மதுரையிலிருந்து விமானத்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கை நீட்டிப் பறித்துக்கொண்டு போனார்கள்.

லாயத்துக்குள் குதிரை இல்லை, மீனா. லைசென்ஸ் இல்லாமல் பட்டாசு செய்தார்கள். ஒன்பது பெண்கள். அதில் ஒருத்தி உன் அம்மா ராமுத்தாய். பங்களாவில் களை எடுக்கிறேன் என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். வீட்டுக்குப் பக்கத்து வேலை என்று அவளைச் சேர்த்துவிட்டவனும் நான்தான். சாயங்காலம் பட்டாசு மருந்தில் சேர்க்கும் வெள்ளிப் பொடி அப்பிய கையை என்னைப் பார்த்து ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

தை மாதம் ஒருநாள், "எண்ணே, பின்கதவ உன் பூ அடைச்சுக்கிருச்சு. தள்ளுனாலும் தொறக்க மாட்டேங்குது. கொஞ்சம் வெட்டி விடு" என்றாள். "மகாராணிமாரு பின்வாசல் வழியா போறதில்ல தாயி" என்றேன். சிரித்தாள். மாசியில் மறுபடி சொன்னாள். அப்போது சிரிக்கவில்லை. முதலாளியிடம் கேட்டேன். "திங்கக்கிழம மெட்ராஸ்லருந்து போட்டோ புடிக்க வாராக. அதுவரைக்கும் ஒரு கொப்பு ஒடியக் கூடாது" என்றார். திங்கட்கிழமை வந்தது, போனது. என் வேலிக்கு முன்னால் ஒரு மணப்பெண் நிற்கும் படம் ஊரில் எல்லார் செல்போனிலும் வந்தது. "யாருய்யா இம்புட்டு அழகா வளத்தது?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு அரிவாளை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த ஒன்றை மட்டும் முதலாளி தலையில் கட்ட வழியில்லை.

லைசென்ஸ் உள்ள கம்பெனியில் ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிரே வாசல் வைத்திருப்பார்கள். கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும். சத்தம் கேட்டால் யோசிக்காதே, கிட்டத்தில் இருக்கும் வாசலுக்கு ஓடு என்பதுதான் அங்கே முதல் பாடம். அப்படிப்பட்ட கம்பெனிகளில் வேலை பார்த்த உன் அம்மாவுக்கு இது இருபது வருஷப் பழக்கம். போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம், உராய்வில் மருந்து பற்றியது. எட்டுப் பேர் முன்வாசல் வழியாக வந்துவிட்டார்கள். உன் அம்மா உட்கார்ந்திருந்தது பின்கதவுப் பக்கம். அவள் கால் அங்கேதான் ஓடியது. கதவு ஒரு சாண் திறந்தது. அதற்கு மேல் என் பூ விடவில்லை. அந்த ஒரு சாண் இடைவெளியில் அவள் கை தெரிந்தது. ஒரு வருஷம் வளர்த்ததை நான் வெட்டிக்கொண்டே இருந்தேன்.

போனில் உன்னிடம், எண்ணெய் தெறித்து அம்மா கையில் இரண்டு கொப்புளம், நீ வர வேண்டாம் என்றேன். பக்கத்தில் போர்மேன் வேலுச்சாமி நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லும் உன் மாமன் வாழ்நாளில் குறைத்துச் சொன்னது அது ஒன்றுதான். இரண்டு கையும் முதுகும் வெந்திருக்கின்றன. மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். வலது கை விரல்களைப் பற்றிக் கேட்டால் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். அடுப்பு விபத்து என்று எழுதியிருக்கும் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்து என்னுடையது. நாலாம் நாள் கண் திறந்து என்னைப் பார்த்தாள். "இப்பவாச்சும் வெட்டுனியேண்ணே" என்றாள்.

சம்பவம் நடந்த அன்று சாயங்காலமே லாயத்தை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அதன் மேல் என்னைப் புல் பதிக்கச் சொன்னார்கள். "வியாழக்கிழம தாசில்தார் விசாரிக்க வாராரு. லாயத்த போன வருசமே இடிச்சாச்சுன்னு சொல்லு. ஒன்னத் தோட்ட மேனேசராக்குறேன்" என்கிறார் முதலாளி. பதித்தேன், மீனா. நன்றாகப் பிடித்துக்கொண்டது. பச்சைப்பசேல் என்று இருக்கிறது.

மற்ற எட்டுப் பேரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் திறந்தாலோ, "அவனா? புளுகுமூட்டைல்ல அவன்" என்று ஊரே சாட்சி சொல்லும். வியாழக்கிழமைக்குள் வந்துவிடு, தாயி. நீ எதுவும் பேச வேண்டாம். தாசில்தாரிடம் நான் நடந்ததைச் சொல்லும்போது என் எதிரில் நின்றால் போதும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பிறகு என்னைக் காறித் துப்பினாலும் துடைக்க மாட்டேன்.

நலம்தானே? ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நீ நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கு. நீ தள்ளுகிற கதவெல்லாம் திறக்கட்டும் என்று காளியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

ஆயிரத்தெட்டுக் கதவு பொய். காற்றும் விமானமும் பொய். மிச்சத்தையும் நான் கட்டிவிட்டதாகவே ஊர் சொல்லிக்கொள்ளட்டும். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். லாயத்துக்குப் பின்கதவு ஒன்று இருந்தது. அவர்கள் இடிக்கிற அவசரத்தில் யாரும் பார்க்காமல் அதை இழுத்துப்போய்த் தழைக்குப்பைக்கு அடியில் மறைத்து வைத்திருக்கிறேன். பாதி கரிந்துவிட்டது. கரியாத பாதியில், உள்பக்கம், வெள்ளிப் பொடியில் ஒரு கைத்தடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் மாமன்,
சோலைமலை