எலுமிச்சம்பழம் போன வழி

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி. உப்பு ஏரியின் எதிர்க்கரை தெரியவில்லை. காற்றும் இல்லை. நாலு பாயிண்டிலும் தண்ணீர் எடுத்தாயிற்று. கால் விறைத்துப் போச்சு.

ரீடிங் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆக்சிஜன் நிறைய. அம்மோனியா பேருக்கு. தீபாவளி சமயத்தில் இதே இடத்தில் பாட்டில் மூடியைத் திறக்க முடியாது, குடல் வெளியே வரும். நண்டு கம்பெனியில் நண்டை அவித்துக் கொட்டுகிற தண்ணீர் நேராக எங்கள் குப்பத்து வாசலில்தான் விழும். இப்போது மாசு குறைப்புத் திட்டம் வந்துவிட்டது. தொட்டி, குழாய், போர்டு. போர்டில் பூநாரை படம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. நாலு பாயிண்டும் பழைய சாக்கடை வாய்க்கு முன்னாலேயே. குறித்துக் கொடுத்தது திட்ட ஆபீஸ் ராகவன் சார். எடுப்பதும் அளப்பதும் நான். லேப் பெயரில் கையெழுத்தும் நான். அடுத்த புதன் கடைசி முறை. வெள்ளி திறப்பு விழா.

அம்மா காலை நீட்டிக் காட்டினாள். "புண்ணு ஆறிடுச்சு பாரு. இன்னும் இன்னாடா மோப்பம் புடிக்கிற?"

கேள்வி:
கம்பெனி வேலையைக் குறைத்ததா? இல்லை. இப்பவும் ரெண்டு ஷிப்ட்.
தொட்டி அவ்வளவு தண்ணீரைத் தாங்குமா? எங்கள் வீட்டு அளவுகூட இல்லை.
அப்போ மீதி?

மீட்டருக்கு செல் வாங்கணும்.


பிப்ரவரி 4, புதன்

ராகவன் சாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது?

"ஓடைக்குத் தம்பி. ஓடையிலேர்ந்து கடலுக்கு. டைலியூட் ஆயிடும்."

அளந்தீங்களா?

"அது நம்ம ஸ்கோப்ல இல்ல."

இந்த 'ஸ்கோப்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனைச் சேற்றில் நிற்க வைக்க வேண்டும்.

சாயங்காலம் குழாயோடு நடந்தேன். தொட்டியில் நண்டு ஓடும் சதையும் கொஞ்சம் படிகிறது, அவ்வளவுதான். தண்ணீர் அப்படியே நீலக் குழாயில் ஏறி, கருவேல முள்ளுக்குள் புகுந்து, குப்பத்துக்குப் பின்னால் இருக்கும் ஓடையில் விழுகிறது. வெதுவெதுப்பு. மேலே நுரை. பழைய நாற்றம், அதே நாற்றம். முகவரி மட்டும் மாறியிருக்கிறது.

பழைய வாய்க்காலும் அங்கேயே இருக்கிறது. தொட்டி வாயில் ஒரு பலகை செருகி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் மூடியாச்சு.

சட்டையில் முள் கிழித்தது. சாப்பிடும்போது நைனாவைக் கேட்டேன். ஊர்ப் பெரியவர்களில் அவரும் ஒருவர், தெரியாமல் இருக்காது. குழாய் முனையை யார் அங்கே வைக்கச் சொன்னது?

"ஒனக்கு இன்னாத்துக்கு அது? கொழம்பு ஊத்திக்க."

குழம்பு கேட்கவில்லை நான்.


பிப்ரவரி 5, வியாழன்

லேசாக வாடைக் காற்று. ஓடைத் தண்ணீர் நிஜமாகக் கடலுக்குத்தான் போகிறதா? சாயம் கலந்து பார்க்கலாம். லேபில் கேட்டால் காரணம் எழுதிக் கொடு என்பார்கள், எழுதினால் ராகவன் சாருக்குப் போகும். வேண்டாம்.

எலுமிச்சம்பழம் போதும். முக்கால்வாசி தண்ணீருக்குள் முங்கி மிதக்கும். காற்று தள்ளாது. தண்ணீர் போகிற வழியிலேயே போகும். மஞ்சள் நிறம், தூரத்திலும் தெரியும்.

ஆரம்பாக்கம் போய் ஒரு பை நிறைய வாங்கினேன். கடைக்கார அம்மா சிரித்தது. "ஊறுகாயா தம்பி, பொண்ணு பாக்கப் போறியா?" ஆராய்ச்சி என்றேன். "அப்ப நல்ல பழமா எடுத்துக்க" என்று எனக்கு அழுகலைத் தள்ளிவிடப் பார்த்தது. எல்லாரையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

படகுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்டில் ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நைனா காதுக்குப் போகும். ஓதம் இறங்கி நீர் வற்ற ஆரம்பித்ததும் குழாய் முனையில் விட்டேன். முதலில் வட்டம் அடித்தன. பிறகு வரிசையாக, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி கிளம்பின. கடல் பக்கம் திரும்பவில்லை. தெற்கே. திட்டு மறைத்துவிட்டது. படகு கேட்காமல் போனது மடத்தனம்.

தெற்கே நடுத்திட்டு. அம்சா அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர்.


பிப்ரவரி 6, வெள்ளி

விடிந்ததும் அக்கா போன். குசுகுசுவென்று.

"டேய், இங்க ஒரே ரகளை. எவனோ செய்வினை வச்சிட்டான்டா. பாட்டுல பூரா எலுமிச்சம்பழம். ரத்தத்துல கோடு இழுத்து மிதக்குது."

என் பழங்கள்தான். அவர்கள் ஊர் முறை வைத்து வலை கட்டும் இடம், ஓடைப் பாடு. அங்கே போயிருக்கிறது. அத்தனையும். இந்த மாதம் முறை மாமாவுக்கு, அக்காவின் புருஷனுக்கு.

மாமா போனைப் பிடுங்கினார். "மச்சான், எழுதினவன் கணக்குல புலிடா. நம்பர் போட்டு அனுப்பிருக்கான். என் வலையில ஏழு. ஏழுமலைக்கு ஏழு, பேர் பாத்து வச்சிருக்கான்."

சிரித்தார். சிரிப்பில் காற்று இல்லை.

மறுபடி அக்கா. ஊரில் யாரும் வலை கட்ட இறங்கவில்லையாம். சுண்ணாம்புக்குளத்தில் செய்வினை எடுக்கிற ஆள் இருக்கிறாராம், கூட்டிவரப் போயிருக்கிறார்களாம்.

அக்கா, அது நான்தான், என்றேன்.

மாமாவை விட்டுத் தள்ளி நடந்து போகிற சத்தம். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். பொங்கலிலிருந்தே பாடு சரியில்லையாம். சுத்து வலையைத் தூக்கினால் எறா வெள்ளையாகச் செத்துக் கிடக்கிறதாம். கை அரிக்கிறதாம். குழாய் திறந்ததும் பொங்கலுக்குத்தான்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை?

"இன்னான்னு சொல்றது? எங்க அம்மா வீட்டு ஆளுங்கதான் வச்சிட்டாங்கன்னு இங்க பேசிக்கிறாங்க. நானும் அப்டித்தான் நெனச்சேன்."

நினைத்தாளாம். கூடப் பிறந்தவள். கோபம் வந்தது. நினைத்தது தப்பில்லை என்றதும் கோபம் போகவும் இடமில்லை.


பிப்ரவரி 7, சனி

வெயில். மூன்று படகில் வந்துவிட்டார்கள். பழங்களை பிளாஸ்டிக் பையில் கட்டி, கையால் தொடாமல், படகுக் கம்பின் நுனியில் மாட்டித் தூக்கி வந்தார்கள். அம்மன் கோயில் முன்னால் மொத்தக் குப்பமும்.

அவர்கள் தலைவர் முனுசாமி. நைனாவோடு ஒரே படகில் தொழில் பழகினவர். "யோவ், பொண்ணு குடுத்த ஊரு. இப்டியா பண்ணுவீங்க?"

"எவனாவது எங்க ஊர்ல இத செஞ்சிருந்தா கையி அழுவிப் போவும்" என்றார் நைனா. எனக்கு கை கூசியது. "சூடம் கொண்டாங்கடா. அணைச்சு சத்தியம் பண்றேன்."

யாரோ கட்டியைக் கொண்டுவந்து தரையில் வைத்தார்கள். தீப்பெட்டியை உரசப் போனார்.

நான்தான் போட்டேன் என்றேன்.

நைனா தீப்பெட்டியாலேயே எறிந்தார். நெற்றியில் பட்டது. நடுத்திட்டு இளவட்டம் ரெண்டு பேர் சட்டையைப் பிடித்தார்கள். மாமா நடுவில் புகுந்தார். "வுடுங்கடா, அவனுக்குப் படிப்பு ஏறிச்சே ஒழிய சூனியம்லாம் ஏறாது." பைக்குள் கையைவிட்டு ஒரு பழத்தை எடுத்தார். கூட்டம் ரெண்டடி பின்னால் போனது. மோந்து பார்த்தார். முனுசாமி மூக்குக்கு நீட்டினார்.

"இன்னாயா நாத்தம் இது?"

"நண்டு கம்பெனி" என்றார் மாமா.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, நீலக் குழாய், ஓடை, பழம் எதற்கு, நம்பர் எதற்கு. சுருக்கமாகத்தான். என் ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும், எழுத வேண்டாம்.

முனுசாமி: "அப்ப சூனியம் இல்ல?"

இல்லை.

"சூனியமா இருந்தா எடுக்க ஆளு கீது. இத எடுக்க எவன் கீறான்?"

அவர் தீப்பெட்டியைத் தரையிலிருந்து பொறுக்கி நைனாவிடம் நீட்டினார். "சத்தியம் பண்றேன்னு வந்தியே. பண்ணு. கொழா எங்க பாட்டுக்கு வர்றது ஒனக்குத் தெரியாதுன்னு பண்ணு."

நைனா வாங்கிக்கொண்டார். உரசவில்லை. சூடம் தரையில் கிடந்தது. வெயிலில் அதன் வாசனை மட்டும்.

நடுத்திட்டுக்காரர்கள் கிளம்பினார்கள். படகு இழுக்கும் சத்தம் கேட்டது.


பிப்ரவரி 8, ஞாயிறு

நைனா பேசவில்லை. என்னிடம்.

அம்மா பேசினாள், நிறுத்தாமல். "பழையபடி நம்ம வாசல்லயே வுடச் சொல்றியா? நான் நின்னேன்டா அந்தத் தண்ணில, நீ மெட்ராஸ்ல படிச்சிக்கினு இருந்த. ஓடை யாருக்கும் சொந்தமில்லன்னுதான் ஊர்ப் பெரியவங்க ஒத்துக்கினாங்க. ஒங்க நைனா மட்டுமா?"

அவள் சொல்வதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல். எங்கள் வாசலில் வேண்டாம், அக்கா வாசலிலும் வேண்டாம். தண்ணீரைக் கம்பெனிக்குள்ளேயே சுத்தம் பண்ண வேண்டும்:
சதையை முதலில் வடிகட்டு.
ஆற வை.
காற்று ஊதுகிற தொட்டி ஒன்று, உண்மையான அளவில்.
அவித்த தண்ணீரை மறுபடி உபயோகி.

புதுசு ஒன்றும் இல்லை, ரெண்டாம் வருஷப் பாடம். செலவு கம்பெனியுடையது, அதனால் குழாய்.

நெற்றி வீங்கியிருக்கிறது. பூநாரைகள் இன்று நிறைய, திட்டு ஓரம். போர்டுக்கு போஸ் கொடுக்கிற மாதிரி.


பிப்ரவரி 9, திங்கள்

மாமா படகில் ஓடைப் பாட்டுக்குப் போனேன். கரையில் நின்றவர்கள் படகை நிறுத்தவும் இல்லை, வணக்கமும் இல்லை. மாமா கம்பு ஊன்றிக்கொண்டே, "ஒன் பையை நல்லாத் தொறந்து காட்டு மச்சான், உள்ள பழம் கீதான்னு பாக்குறானுங்க."

மேல் தண்ணீர் பரவாயில்லை. மீட்டரை அடிக்கு இறக்கினேன். ஆக்சிஜன் எண் விழுந்துகொண்டே போனது. செல் போய்விட்டது என்று நினைத்து மாற்றினேன். மறுபடி விழுந்தது. சந்தேகத்துக்கு மூன்று தரம். அடிச் சேறு கறுப்பு, முட்டை அழுகின வாடை.

மாமா எட்டிப் பார்த்தார். "பாஸா பெயிலா?"

பெயில்.

முதல் தடவையாக அவர் கிண்டல் எதுவும் சொல்லவில்லை. "எனக்கு இந்த மாசம் முறை போச்சு. அடுத்து வர்றவன் இன்னா பண்ணுவான்?" கையைச் சொறிந்தார். விரல் இடுக்கெல்லாம் சிவப்பு.

ரிப்போர்ட்டில் பாயிண்ட் 5 சேர்த்து லேபுக்கு அனுப்பினேன். மற்ற நாலுக்கும் என்ன எழுத்தோ அதே எழுத்தில்.


பிப்ரவரி 10, செவ்வாய்

கொண்டல் காற்று. துணி காயவில்லை.

சாப்பிடும் நேரத்தில் ராகவன் சார் போன். கை எச்சில், ஸ்பீக்கரில் போட்டேன்.

"அஞ்சாவது பாயிண்ட் யார் கேட்டா தம்பி?"

தண்ணீர் அங்கேதான் போகிறது சார்.

"ஒப்பந்தத்துல நாலு. நாளைக்கு அந்த நாலு இடத்துல எடுத்து, அந்த நாலை மட்டும் அனுப்புங்க. நாலும் நல்லா இருந்தா திட்டம் வெற்றி, முடிஞ்சது. உங்க லேப்ல பேசிட்டேன். உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வேற ஆள் கையெழுத்து போடுவாரு."

நாலில் ஒன்று நன்றாக இல்லாவிட்டால்?

"அப்ப விழா நிக்கும், கம்பெனி வந்து பதில் சொல்லணும். ஆனா நல்லாத்தானே இருக்கு?"

வைத்துவிட்டார். இதில் ஒரு பொய்கூட இல்லை. நாலும் உண்மையான எண். அதுதான் இவர்கள் கெட்டிக்காரத்தனம்.

நைனா வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அம்மாவிடம் கேட்டார்: "அவன் நாலு எடத்துல மட்டுந்தான் பாப்பானாமா?"

"அவனையே கேளுங்களேன். எதிர்லதான கீறான்."

ஆமாம், நாலே நாலு, என்று உள்ளிருந்து கத்தினேன். உங்களுக்கு ரொம்ப வசதி.

அவர் எழுந்து போய்விட்டார். கத்தியிருக்க வேண்டாம். கத்தியாச்சு.


பிப்ரவரி 11, புதன்

நாற்றத்தில் விழிப்பு. கனவு என்று புரண்டு படுத்தேன். அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டே திட்டினாள். வெளியே வந்தால் பழைய வாய்க்காலில் நுரை பொங்கி ஓடுகிறது. தொட்டி நிரம்பி, பலகையைத் தள்ளிக்கொண்டு, எங்கள் வாசலில். நாலு பாயிண்டுக்கும் நடுவில்.

தெருவில் பெண்கள்: "நடுத்திட்டுக்காரனுங்கதான் கொழாய அடச்சிட்டானுங்க! பொறம்போக்குப் பசங்க!"

நானும் அப்படித்தான் நினைத்தேன். மாமா மேலேயே சந்தேகம். குழாய் முனைக்கு ஓடினேன். மண் மூட்டை ரெண்டு, அதற்குப் பின்னால் குழாய் வாய்க்குள் கிழிந்த வலையைச் சுருட்டி இறுக்கித் திணித்திருக்கிறது. சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பச்சை வலை. ஓரத்தில் ஆரஞ்சு கயிற்றில் ஒட்டுப் போட்டது. எங்கள் வேலியில் போன வருஷத்திலிருந்து கிடந்தது.

திரும்பி வந்து வேலியைப் பார்த்தேன். வெறும் வேலி.

நைனா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பக்கம் கால் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு. கையில் முள் கீறல். தெருவில் நடுத்திட்டைத் திட்டுவது அவர் காதிலும் விழுந்தது. நிமிர்ந்து, அவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "எவனும் இல்ல. நான்தான்" என்றார். அம்மா ஜன்னலுக்குப் பின்னாலிருந்து என்னவோ சொல்ல வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பாட்டில்களை எடுத்து வைத்தேன். மீட்டர், ஐஸ் பெட்டி, கையுறை. பக்கத்தில் வந்து நின்றார். நாலு நாள் கழித்து.

"எடுத்துட்டியா?"

இன்னும் இல்ல நைனா.

"கம்பெனி வேலக்காரனுங்க வந்து மூட்டையப் பிடுங்கிடுவானுங்க. நாறும்போதே எடு."